ஆறாம் கட்டிலின் நெஞ்சொலி

அந்த வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேரில் "வரிசையக்கா", முதுகுக்குப் பின்னால் வெறும் "வரிசை". ஒரு நோயாளியின் உடம்பைச் சோதிக்க ஆரம்பித்தால் உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்காலில்தான் முடிப்பாள். நடுவில் யாராவது கூப்பிட்டால் போவாள். திரும்பி வந்ததும், புத்தகத்தில் விரல் வைத்துவிட்டுப் போனவள் மாதிரி, விட்ட எலும்பிலிருந்து சரியாகத் தொடர்வாள். மற்றவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. முப்பத்திரண்டு கட்டிலுக்கு மூன்று நர்சுகள் என்றால் பொறுமை எங்கிருந்து வரும்? முந்தின ஷிப்டில் எழுதியிருப்பதைப் பார்த்து, "அதேபோல்" என்று ஒரு வார்த்தை எழுதி, கீழே கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

அவளுடைய பொறுமையே அவளுக்குக் கெட்ட பேரும் வாங்கித் தந்திருந்தது. போன வாரம் ஒரு பெரியவர் வந்திருந்தார். முழுக்கால் பேன்ட், காலுறை, முகத்தில் பால்வடியும் அமைதி. பாதத்தில் நாடி பார்க்க வேண்டும் என்று காலுறைக்கு மேலேயே விரலை வைத்து ஒரு நிமிஷம் தேடினாள். கிடைக்கவில்லை. முகம் வெளுத்து, "டாக்டர், இடது பாதத்துல நாடியே இல்ல" என்று சத்தம் போட்டுவிட்டாள். டாக்டர் ஓடிவந்து காலுறையை உருவினால், உள்ளே செயற்கைக்கால். பெரியவர் மட்டும் கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "நீங்க இவ்வளவு ஆசையாத் தேடினீங்களா, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்றார். அன்று முதல் வார்டில் எதைத் தொலைத்தாலும், "மரக்கால்ல தேடிப் பார்த்தியா?" என்பது பேச்சாகிவிட்டது.

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் ஆறாம் கட்டில் அவள் கைக்கு வந்தது.

வார்டின் பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டர் பேனாவால் காதைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "ஆறாம் கட்டில் பன்னெண்டு மணிக்கு வீட்டுக்குப் போகுது. வயித்து வலின்னு நேத்து மத்தியானம் வந்தவரு. வாயு, மலச்சிக்கல். மருந்து எழுதியாச்சு. வெளியே ஒருத்தர் நாற்காலியில உட்கார்ந்தபடி கட்டிலுக்குக் காத்திருக்காரு. நீ ஒண்ணும் பண்ண வேணாம், சோதனைப் படிவத்தை மட்டும் முடிச்சுக் கொடு."

"பார்த்துட்டு முடிச்சுத் தரேன் சிஸ்டர்."

"பார்க்காம முடின்னு நான் சொல்லலையே" என்றார் பெரிய சிஸ்டர். ஆனால் அவர் முகம் அதைத்தான் சொல்லியது.

ஆறாம் கட்டிலில் இருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்திரண்டு. முழங்காலை மடக்கி இடது பக்கமாகச் சுருண்டு படுத்திருந்தார். பக்கத்தில் மனைவி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை தலையிலேருந்து கால் வரைக்கும் பார்த்துடறேங்க. பதினஞ்சு நிமிஷம்."

"பாருங்க சிஸ்டர்" என்றார் மெக்கானிக். "நாங்களும் அப்படித்தான். மேல மோட்டார் ரூம்ல ஆரம்பிச்சு அடியில குழி வரைக்கும் இறங்கிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம். நடுவுல ஒரு மாடியை விட்டாலும், அந்த மாடியிலதான் மாட்டிக்கும்."

முதல்முறையாக ஒருவர் தன் வேலையைக் கேலி செய்யாமல் புரிந்துகொண்டதில் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கையைக் கழுவி, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

பெயர், கிழமை, இருக்கும் இடம் மூன்றையும் கேட்டாள். தடுமாறாமல் சொன்னார். முடிக்குள் விரல்களை நடத்தினாள். பின்மண்டையில் பழைய தழும்பு. "லிஃப்ட் கதவு" என்றார் அவரே. கண்ணில் டார்ச் அடித்தாள். கருவிழியின் நடுவில் இருந்த வட்டம் சட்டென்று சுருங்கியது, வெளிச்சத்தை எடுத்ததும் விரிந்தது. பதினெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் கண்களில் அதைப் பார்த்திருப்பாள்! ஆனாலும் ஒவ்வொரு தடவையும், யார் சொல்லிக்கொடுத்து இது இப்படிச் செய்கிறது என்று ஒரு கணம் நின்றுதான் அடுத்த கண்ணுக்குப் போவாள். நாக்கு வறண்டு வெள்ளை படிந்திருந்தது. வாயில் பட்டினி வாடை. கழுத்தில் கட்டி இல்லை. உடம்புச் சூடு கொஞ்சம் கூடுதல், நாடியும் வேகம். இரண்டையும் குறித்துக்கொண்டாள்.

"வலி எங்கே ஆரம்பிச்சது?"

"தொப்புளைச் சுத்தி. நேத்து காலையில. அப்புறம் இங்கே வந்து உட்கார்ந்துக்கிச்சு" என்று இடது அடிவயிற்றைக் காட்டினார். "நாலு நாள் வாடகை கொடுத்துட்ட மாதிரி நகரவே மாட்டேங்குது."

"பேசறது மட்டும் குறையாது இவருக்கு" என்றாள் மனைவி. "ராத்திரி முழுக்க முனகல், பகல் முழுக்க நக்கல்."

அவள் மெக்கானிக்கின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சு கேட்டாள். இரண்டு பக்கமும் காற்று சுத்தமாகப் போய் வந்தது. பிறகு நெஞ்சுக்கு வந்தாள். இடது மார்புக்காம்புக்குக் கீழே, விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணி, இதயத்தின் நுனி தட்ட வேண்டிய இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை வைத்தாள்.

ஏதோ கேட்டது. ஆனால் அது பக்கத்து வீட்டில் யாரோ உலக்கை போடுவதைப் போலத் தொலைவாகக் கேட்டது.

காதுக்குழாயில்தான் கோளாறு என்று நினைத்தாள். கழற்றித் துடைத்து மாட்டி, வட்டைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். பக்கத்தில், தெளிவாக, டக்-டக். மறுபடி அவர் நெஞ்சில் வைத்தாள். மறுபடி பக்கத்து வீடு.

"என்ன சிஸ்டர், கரன்ட் இல்லையா?" என்றார் மெக்கானிக்.

"பேசாம இருங்க."

மரக்கால் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை சத்தம் போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வட்டை ஒரு விரல் அகலம் நடுநெஞ்சுப் பக்கம் நகர்த்தினாள். சத்தம் கொஞ்சம் கூடியது. இன்னொரு விரல். இன்னும் கூடியது. நடு எலும்பைத் தாண்டினால் இதயம் இருக்கக் கூடாத இடம். ஆனாலும் கை தானாகத் தாண்டியது. இருட்டில் கதவைத் தேடுகிறவள் சுவரைத் தடவித் தடவிப் போவது போலப் போய், வலது மார்புக்காம்புக்குக் கீழே வந்து நின்றாள்.

அங்கே கதவு திறந்திருந்தது. டக்-டக், டக்-டக். முழுச் சத்தம். விரல் நுனியை வைத்தால் தோலுக்கு அடியிலிருந்து தட்டுவதுகூடத் தெரிந்தது.

அவள் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. நாற்பத்திரண்டு வருஷம். அம்மா வயிற்றிலிருந்து இந்த நிமிஷம் வரை, யாரும் பார்க்காத பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தட்டுத் தவறாமல், யாரிடமும் இடம் கேட்காமல் அது வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. பாடப் புத்தகத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இரண்டு வரி படித்தது நினைவுக்கு வந்தது: பல்லாயிரத்தில் ஒருவருக்கு இப்படி இருக்கும். படித்த அன்றே, நமக்கெங்கே என்று மறந்துபோன இரண்டு வரி.

"உங்க இதயம் எந்தப் பக்கம்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

மெக்கானிக் சிரித்தார். "ஆஸ்பத்திரிக்கே இப்பதான் வரேன் சிஸ்டர். காய்ச்சல்னா மருந்துக்கடை, அடிபட்டா துணிக்கட்டு."

மனைவிதான் பதில் சொன்னாள், சர்வசாதாரணமாக. "வலது பக்கம்தான் அடிக்கும். தலை வச்சுப் படுத்தா காதுல இடிக்கும். ஏன் அக்கா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ஆம்பளைங்களுக்கு அந்தப் பக்கம், நமக்கு இந்தப் பக்கம்னு நெனச்சேன்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொரு ஆம்பளை நெஞ்சுல நான் எங்கே போய்க் காது வச்சுப் பார்த்தேன்?"

வேறு சமயமாக இருந்தால் வரிசையக்கா சிரித்திருப்பாள். அவள் மனம் ஏற்கெனவே வயிற்றுக்கு இறங்கியிருந்தது. வயிற்றில் கை வைக்கும் முன் காது வைக்க வேண்டும். அமுக்கினால் குடலின் சத்தம் மாறிவிடும். கேட்டாள். வழக்கமாகக் குழாயில் தண்ணீர் ஓடுவது போலக் களகளவென்றிருக்கும் குடல், வீட்டில் நோயாளி இருப்பதால் எல்லோரும் அடக்கிப் பேசுவது போல் இருந்தது. பிறகு விரல் மேல் விரல் வைத்துத் தட்டிப் பார்த்தாள். வலது விலாவுக்குக் கீழே கல்லீரல் இருக்கும். நிரம்பிய குடத்தைத் தட்டியதுபோல் மொத்தென்று கேட்க வேண்டும். அங்கே காலிப் பானையின் ஓசை கேட்டது. இடது விலாவுக்குக் கீழே தட்டினாள். மொத்.

இதயம் மட்டும் இல்லை. உள்ளே இருந்த குடித்தனம் மொத்தமும் பக்கம் மாறி உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சுண்டுவிரல் போலத் தொங்குகிற குடல்வால்? எல்லோருக்கும் வலது அடிவயிற்றில் இருப்பது இவருக்கு எங்கே இருக்கும்?

இடது அடிவயிற்றை மெல்ல அமுக்கினாள். மெக்கானிக் உதட்டைக் கடித்தார். சட்டென்று கையை எடுத்தாள். "அம்மா!" என்று அலறிவிட்டார். அமுக்கும்போது இருந்ததைவிட எடுக்கும்போது வலி அதிகம். குடல்வால் வீங்கியிருப்பதற்கு வார்டில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் அது. வலது பக்கம் வந்திருந்தால் நேற்றே ஆபரேஷன் அறைக்குப் போயிருப்பார். இடது பக்கம் வந்ததால் வாயு ஆகிவிட்டது. வீங்கிய குடல்வாலோடு பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனால், அது வெடித்து வயிறெல்லாம் சீழ் பரவும்போது பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் மட்டும்தான் இருப்பார்.

மணி பத்தே முக்கால்.

அவள் எழுந்தாள். இடுப்பும் கால்களும் பார்க்கப்படாமல் நின்றன. பதினெட்டு வருஷத்தில் அவளாகச் சோதனையைப் பாதியில் விட்டது அன்றுதான். "ஒரு வாய்த் தண்ணிகூடக் கொடுக்காதீங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மேசைக்கு நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் மரக்கால் என்பார்கள்.

டியூட்டி டாக்டர் வீட்டுக்கு அனுப்பும் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் காலையிலிருந்து தூங்காத கண்கள்.

"டாக்டர், ஆறாம் கட்டிலுக்கு இதயம் வலது பக்கம் இருக்கு. கல்லீரல் இடது பக்கம். வலி குடல்வால் வலின்னு நினைக்கிறேன்."

பேனா நின்றது. பெரிய சிஸ்டர் வாயைப் பொத்திச் சிரித்தார். "போன வாரம் மரக்கால்ல நாடி, இந்த வாரம் வலது பக்கம் இதயமா? அடுத்த வாரம் மூளை முழங்கால்ல இருக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை, களைப்பு. கோப்பிலிருந்து இதயத் துடிப்பு வரைந்த இசிஜி தாளை எடுத்துப் போட்டார். "சிஸ்டர், இதயம் வலது பக்கம் இருந்தா இது தலைகீழா வரணும். பாருங்க, முதல் வரி நேரா இருக்கு."

தாள் நேராகத்தான் இருந்தது. காதில் கேட்டது பொய்யா, காகிதத்தில் இருப்பது பொய்யா? எந்த வேலையையும் முதலிலிருந்து வரிசையாகப் பார்க்கும் புத்தி அவளுக்குக் கைகொடுத்தது. "இதை எடுத்தவரைக் கேட்கலாமா டாக்டர்? எப்படி எடுத்தாருன்னு?"

இசிஜி அண்ணன் அடுத்த வார்டில் இருந்தார். இருபது வருஷ அனுபவசாலி; கண்ணை மூடிக்கொண்டு கம்பி மாட்டுவேன் என்பார். வந்தார்.

"ஆறாம் கட்டிலா? ஆமா, நான்தான் எடுத்தேன். நல்லா வந்திருக்கே. முதல் தடவை மட்டும் கவுந்து வந்துச்சு."

"கவுந்து வந்துச்சா?" டாக்டர் நிமிர்ந்தார்.

"வலது கை கம்பியை இடது கையில மாட்டினா அப்படித்தான் சார் வரும். எல்லாரும் பண்ற தப்பு. அவசரத்துல மாத்தி மாட்டிட்டேன் போலிருக்குன்னு, ரெண்டையும் இடம் மாத்திப் போட்டேன். அழகா வந்துச்சு. நெஞ்சுல ஒட்டுற கம்பிங்க மட்டும் கொஞ்சம் சோம்பலா வரைஞ்சுது. மெஷின் பழசு இல்லையா?"

"அண்ணே, முதல் தடவை நீங்க சரியாத்தான் மாட்டியிருந்தீங்களா?" என்று வரிசையக்கா கேட்டாள்.

இசிஜி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கைகளைக் காற்றில் அசைத்து, மாட்டுவதுபோல் மாட்டிப் பார்த்தார். இடது, வலது. திறந்தபோது முகம் விழுந்திருந்தது. "சரியாத்தான்மா மாட்டியிருக்கேன். சிவப்பு வலது, மஞ்சள் இடது." சட்டைப் பையில் துழாவி மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பின்பக்கம் "சோப்பு, தீப்பெட்டி, பல்பு இரண்டு" என்று எழுதியிருந்தது. முன்பக்கம் கோடுகள் தலைகீழாகத் தொங்கின.

இதயம் உண்மையைத்தான் எழுதிக் கொடுத்திருந்தது. தப்பு தன்னுடையது என்று நினைத்த ஒரு நல்ல மனிதர் அதைத் திருத்திவிட்டார்.

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஆறாம் கட்டிலுக்குப் போய், வலது நெஞ்சில் வட்டை வைத்தார். அவர் முகத்திலிருந்து களைப்பு, முகம் கழுவியது போல் இறங்கிப் போனது. மிகவும் சின்னப் பையனின் முகமாக இருந்தது அது. கேட்டுக்கொண்டே இருந்தார், எடுக்க மனமில்லை. பெரிய சிஸ்டர் பின்னாலேயே வந்து, "நானும் கொஞ்சம் கேட்கறேன் டாக்டர்" என்று காதை நீட்டினார். கேட்டதும் வலக்கையால் தன் இடது நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், தன்னுடையது இடத்தில்தான் இருக்கிறதா என்று.

"என்ன சார், எல்லாரும் கும்பிடற மாதிரி நிக்கறீங்க?" என்றார் மெக்கானிக் வலிக்கு நடுவில். "நான் வீட்டுக்குப் போகலாமா வேணாமா?"

டாக்டர் வரிசையக்காவைப் பார்த்தார். அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். "உங்க லிஃப்ட்ல இப்படி ஒரு சத்தம் கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"ஆளுங்களை இறக்கிட்டு, போர்டு மாட்டி நிறுத்திடுவேன்."

"அதேதான்."

தள்ளுவண்டியில் ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோகும் வழியில், நடந்துகொண்டே போர்வையை விலக்கி, விட்டுப்போன கால்களைப் பார்த்தாள். வீக்கம் இல்லை, இரண்டு பாதத்திலும் நாடி உண்டு. "இதையுமா?" என்று தள்ளுகிறவர் கேட்டார். "சக்கரம் அதுபாட்டுக்குப் போகட்டும், நீங்க தள்ளுங்க" என்றாள்.

ஸ்கேன் திரையில் சாம்பல் நிற மேகங்கள் நகர்ந்தன. வழக்கம்போல் வலது பக்கம் கருவியை வைத்த ஸ்கேன் டாக்டர், "கல்லீரல் எங்கே போச்சு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இடது பக்கம் நகர்த்தினார். அங்கே பெரிதாக, அமைதியாக, சொந்த வீட்டில் இருக்கிற தோரணையில் அது படுத்திருந்தது. இரைப்பை வலது பக்கம். மண்ணீரல் வலது பக்கம். எல்லாம் ஒன்றுக்கொன்று எதிரே, அளவு பிசகாமல், ஒன்றையொன்று இடிக்காமல். யாரோ ஒருவர் முழு வீட்டையும் மறுபக்கம் பார்க்கக் கட்டிவிட்டு, ஒரு ஜன்னலைக்கூட மறக்கவில்லை. கருவி கீழே இறங்கியது. இடது அடிவயிற்றில், தடித்த விரல் போல வீங்கி விறைத்து, குடல்வால் தெரிந்தது.

"சர்ஜனைக் கூப்பிடுங்க" என்றார் ஸ்கேன் டாக்டர்.

பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக் ஆபரேஷன் அறைக்குள் போனார். வரிசையக்கா மற்றக் கட்டில்களைப் பார்த்தாள். ஆனால் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் விரல் நின்றது. மனைவி அதே துணிப்பையை அதே மாதிரி மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். இப்போது பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல இல்லை. வரிசையக்கா ஒருமுறை போய் அவள் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தாள். சொல்ல என்ன இருந்தது? கண்டுபிடித்தது நேரத்தோடா, நேரம் தப்பியா என்பது உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றரை மணிக்குத் தொலைபேசியில் சர்ஜனின் குரல். "ஆறாம் கட்டில் சிஸ்டரா? எடுத்தாச்சு. முனை கறுத்திருந்தது. சாயங்காலம் வரைக்கும் தாங்கியிருக்காது. மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்னுதான் அறுத்தேன். முப்பது வருஷம் வலது பக்கமே போய்ப் பழகின கை, திடீர்னு வேற ஊருக்கு வந்த மாதிரி திணறிப்போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "எல்லாத்தையும் ஒரு நிமிஷம் சும்மா பார்த்துட்டு நின்னோம்மா" என்றார்.

மாலை வெயில் ஜன்னலில் சாயும் நேரத்தில் மெக்கானிக் தன் கட்டிலில் இருந்தார். பாதி மயக்கம், பாதி முழிப்பு. அவள் மறுபடி உச்சந்தலையில் ஆரம்பித்தாள். நெஞ்சுக்கு வந்தபோது மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, நானும் ஒரு தடவை அதுல கேட்கலாமா?"

வரிசையக்கா அவள் காதில் குழாயை மாட்டி, வட்டை வலது மார்புக்குக் கீழே வைத்தாள். மனைவியின் கண்கள் அகன்றன. இருபது வருஷம் காதால் கேட்ட சத்தம்தான். ஆனாலும், "இவ்வளவு வேலையா செய்யுது உள்ள?" என்றாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைத்துக்கொண்டு, வட்டைத் தன் இடது நெஞ்சில் வைத்துக் கேட்டாள். பிறகு அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, அவருக்கும் தனக்குமாக விரலை நீட்டி ஏதோ கணக்குப் போட்டாள்.

"எதிரும் புதிருமா நின்னா ரெண்டும் ஒரே பக்கம் வருது பாருங்க!"

மெக்கானிக் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கல்யாணம் ஆனதிலேருந்து நாம ஒத்துப்போன ஒரே விஷயம்."

மனைவி சிரித்தாள். அவரும் சிரிக்கப் போய், "ஐயோ, தையல், தையல்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாம் கட்டில் என்னவென்று கேட்க, ஏழாம் கட்டில் அதற்கு விளக்கம் சொல்லிச் சிரித்தது.

"சிரிக்காதீங்க, மூச்சு எண்ணணும்" என்றாள் அவள். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் நெஞ்சு ஏறி இறங்குவது சீராகட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். அவசரம் ஒன்றும் இல்லை.